கிட்டார் கள்ளி

ஐந்தாம் வகுப்பில் என்னோடு பெஞ்சு தேய்த்தவர்களே, உங்களில் பாதிப் பேருக்கு முட்டு ஆபரேஷன் முடிந்துவிட்டது, மீதிப் பேர் செய்யலாமா வேண்டாமா என்று டாக்டர் டாக்டராக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கும் அறுபத்தேழு. நம் குரூப்பில் பேரப்பிள்ளை படமும் சர்க்கரைக்குப் பாகற்காய்ச் சாறும் இன்று ஒரு நாள் இருக்கட்டும். நான் எழுதப்போவது வேறு விஷயம். கொஞ்சம் நீளம்தான். பாதியில் எழுந்து போய்விடாதீர்கள், உங்களுக்கும் இதில் பங்குண்டு.

நாம் ஐந்தில் படித்த வருஷத்துக் கன்னிப்பூ அறுப்பை, அந்த ஆவணி அறுவடையை, நினைத்துப் பாருங்கள். ஓணப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. மழை ஏமாற்றாமல் விலகி நின்ற அபூர்வமான அறுப்பு அது. எல்லார் வீட்டு முற்றத்திலும் நெல் காய்ந்தது. நமக்கெல்லாம் ஒரே வேலை, கையில் கம்பை வைத்துக்கொண்டு கோழி விரட்டுவது. அவித்த நெல்லின் மணம் தலைமுடியில் ஏறி, எத்தனை தேய்த்துக் குளித்தாலும் போகாது. அந்த மணம் இப்போதும் எங்கேயாவது வந்தால் நான் எழுந்து வேறு பக்கம் போய்விடுவேன். ஏன் என்று ஐம்பத்தேழு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் அப்பா மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர், உங்களுக்குத் தெரியும். அக்காவுக்கு அப்போது பதினேழு. சனிக்கிழமை தோறும் வெள்ளைக்கார டாக்டரம்மாவின் குவார்ட்டர்சுக்குப் போய்ப் பாட்டுப் படிப்பாள். அந்த வருஷம் டாக்டரம்மா ஊரைவிட்டு ஒரேயடியாகப் போக இருந்தார். போவதற்கு இரண்டு மாதம் முன்பே தன்னுடைய கிட்டாரை அக்காவுக்குக் கொடுத்துவிட்டார். அவருடைய தாயார் வாசித்ததாம் அது.

இப்போது சர்ச்சில் பையன்கள் மாட்டிக்கொண்டு நிற்கிறார்களே, அந்த மாதிரிப் பெரிய கிட்டார் அல்ல. அதில் முக்கால் பங்குதான் இருக்கும். தோள் சரிந்து, இடுப்பு ஒடுங்கி, மடியில் வைத்தால் மடிக்குள்ளேயே அடங்கிவிடும். முன்பலகை தேன் நிறம், முதுகு கறுத்த ஈட்டி மரம். தலைப்பகுதியில் நீளமாக இரண்டு வெட்டு, அதற்குள் வெள்ளை உருளைகள். கம்பிகூட உலோகம் இல்லை, ஆட்டுக்குடலில் முறுக்கிய நரம்பு. மழை நாளில் சுருதி நிற்காது. "சனியனுக்குச் சளி பிடிச்சிருக்கு" என்று அக்கா ஏசிக்கொண்டே முறுக்குவாள். வட்டத் துவாரத்துக்குள் மூக்கை வைத்தால் பூட்டிக் கிடந்த அலமாரி மணம் வரும். அதற்காகவே நான் அடிக்கடி மூக்கை வைப்பேன், முதுகில் ஓர் அடியும் வாங்குவேன்.

அக்கா என்னை அதைத் தொட விடமாட்டாள். "போய் கைய கழுவிட்டு வா" என்பாள். கழுவிக்கொண்டு வந்தால், "ஈரக்கையோட தொடாத" என்பாள். துடைத்துவிட்டு வந்தால், "இப்பம் நேரமில்ல, போ" என்பாள். அவளைக் கொன்றுவிடலாமா என்று இருக்கும். டாக்டரம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமை வழியனுப்புக் கூட்டம். அதில் அக்கா தனியாக கிட்டார் வாசித்துப் பாட வேண்டும். அந்த ஒரு பாட்டை நாள் முழுக்க வாசித்து வாசித்து வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. அம்மா மீன் கழுவும்போதுகூட அதையே முனகினாள்.

நெல் அவிக்க ஓர் அக்கா வருவார், நினைவிருக்கிறதா? கால்வாய்க்கு அந்தப் பக்கம் வீடு, அய்யாவழிக்காரர்கள், நெற்றியில் எப்போதும் வெள்ளை நாமம். வார்ப்பு என்று நாம் சொல்கிற பெரிய செம்புப் பாத்திரத்தை ஆள் உதவி இல்லாமல் அடுப்பில் ஏற்றிவிடுவார். ஊரில் ஏழெட்டு வீடு அவரை நம்பித்தான் நெல்லை ஊறப்போடும். அவருடைய மகள் நம் வகுப்பு, ஜன்னலோரப் பெஞ்சு. கணக்கில் அவள் முதல், நான் இரண்டாவது. எப்போதும் அப்படித்தான். பின்னால் கணக்கு டீச்சராகி முப்பது வருஷம் சம்பளம் வாங்கியவள் நான் என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அந்த வாரம் ஒரு மத்தியானம். நெல் அவிக்கும் அக்கா அம்மாவிடம் முறம் வாங்க ஜன்னலுக்கு வெளியே நின்றார். உள்ளே கட்டில்மேல் கிட்டார் கிடந்தது. ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு கிட்டாரின் ஒரு நரம்பை விரல் நுனியால் சுண்டினார். சத்தம் வந்ததும் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

"எம்மாடி! குளத்துல கல்லு விழுந்தது போலல்லா இருக்கு" என்றார் என்னைப் பார்த்து.

அடுக்களையிலிருந்து அக்கா பறந்து வந்தாள். "தொடாதீங்க! கையெல்லாம் உமி!" என்று கத்தினாள். அவர் கையை இழுத்துக்கொண்டார். "ஒண்ணும் ஆவல்ல மக்கா" என்று சொல்லிவிட்டு முறத்தை வாங்கிக்கொண்டு போனார். அவ்வளவுதான் நடந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் எனக்கும் அக்காவுக்கும் சண்டை. காரணம் வழக்கமானதுதான், நான் மூக்கை வைத்தேன், அவள் அடித்தாள். அன்று கூடவே ஒரு வார்த்தையும் சொன்னாள். "உனக்கு எதுக்குட்டி இது? கணக்குலயே ரெண்டாவதுதான் வருவ" என்றாள். சரி, இவள் ஒரு ராத்திரி தேடி அழட்டும் என்று முடிவு செய்தேன். அவள் சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குப் போவதற்கு முன் குளிக்கப் போன நேரத்தில், கிட்டாரை ஒரு சணல் சாக்கில் போட்டுச் சுற்றி, வீட்டுப் பின்புறம் நெல் அவிக்கிற ஓலைக் கொட்டகைக்கு, நம் ஊர்ச் சாய்ப்புக்கு, கொண்டு போனேன். அங்கே அடுப்புக்கு நேர் மேலே மூங்கில் பரண். ஏணி வைத்து ஏறி, பழைய ஓலைகளுக்கு நடுவே படுக்கவைத்துவிட்டு இறங்கினேன். எனக்கு அப்போது பூனைக்குட்டி கனம், பரண் முனகக்கூட இல்லை.

அக்கா அவசரத்தில் கிட்டாரைப் பார்க்காமலே போய்விட்டாள். அன்று வெறும் குரல் பயிற்சியாம். வந்ததும் சாப்பிட்டுத் தூங்கிவிட்டாள். தேடி அழுவாள் என்று காத்திருந்த நானும் தூங்கிவிட்டேன். விடியும்போது சாய்ப்பில் அடுப்பு பிடித்திருந்தது.

வெள்ளி, சனி இரண்டு நாளும் ஒரு வார்ப்பு இறக்கினால் அடுத்த வார்ப்பு. சாய்ப்புக்குள் ஆவி நின்றால் ஆள் முகம் தெரியாது. அத்தனையும் நேராகப் பரணுக்குத்தான் போனது. சாக்கில் சுற்றித்தானே வைத்திருக்கிறோம், ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நெல் அவிக்கிற ஊரில் பிறந்த பிள்ளைக்கு ஈரச்சாக்கு என்ன செய்யும் என்று தெரியாமலா இருக்கும்? சாக்கு நனைந்து, சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, நெல்லோடு நெல்லாகக் கிட்டாரையும் அவித்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அக்கா தேட ஆரம்பித்தாள். வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார்கள். எனக்குச் சொல்ல எத்தனையோ தடவை வாய் வந்தது. இப்போது சொன்னால் அடி, பிறகு சொன்னாலும் அடி, ஆனால் பிறகு என்பது பிறகுதானே என்று இருந்துவிட்டேன். அந்த ஒரு கணக்கில் மட்டும் எனக்குத்தான் முதல் மார்க்.

சனிக்கிழமை மத்தியானம் அவித்த நெல்லை முற்றத்தில் பரப்ப எல்லாரும் போயிருந்தார்கள். சாய்ப்பில் ஆள் இல்லை. ஏறி எடுத்தேன். சாக்கு கொதித்தது. உள்ளே என்னவோ நழுவி நழுவி விழுந்தது. கீழே வந்து பிரித்தேன். கம்பியைப் பிடிக்கிற பிரிட்ஜ் கழன்று நரம்புகளில் தொங்கியது. முதுகுப் பலகை விட்டுப்போய்த் தனியாகக் கிடந்தது. வட்டத் துவாரத்துக்குள் மூக்கை வைத்துப் பார்த்தேன், அவித்த நெல் மணம் வந்தது. ஏன் அப்போது மூக்கை வைத்தேன் என்று கேட்காதீர்கள்.

காலடிச் சத்தம் கேட்டது. சாக்கோடு உமி மூட்டைக்குப் பின்னால் தள்ளிவிட்டு, வாழைக்குள் புகுந்து முற்றத்துக்கு வந்து கம்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். இரண்டு கோழியைக்கூட விரட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் நெல் அவிக்கும் அக்கா வந்தார். பலகைகளை முந்தானையில் வைத்து, பச்சைப்பிள்ளையை எடுத்து வருவதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

"அம்மோ, பிள்ளைக்க சாதனம் இந்தா இருக்கு. உமிச் சாக்குக்குப் பொறத்த கெடந்துது. ஐயோ, இப்பிடி ஆயிட்டே!"

அக்கா போட்ட கூப்பாட்டில் பக்கத்து வீட்டு ஆட்களெல்லாம் வந்துவிட்டார்கள். அம்மாவின் முகம் மாறியது.

"ரெண்டு நாளா அந்தச் சாய்ப்புல நீதான் இருந்த. இப்பம் கெடந்துதுன்னு கொண்டு வாறியே!"

"நான் இப்பந்தான் கண்டேன் அம்மோ."

"எடுத்துட்டுப் போவப் பாத்து கீழ போட்டு ஒடச்சிட்டு, இங்க நாடகம் காட்டுதியாக்கும்?"

அப்பா வந்தார். அவர் நியாயமான மனுஷன் என்று ஊரே சொல்லும். எடுத்த எடுப்பில் யாரையும் ஏசமாட்டார். ஒவ்வொருவராகக் கேட்டார். கடைசியில் என்னிடம் வந்தார்.

"நீ ஏதாவது கண்டியா மக்கா? பயப்படாத, சொல்லு."

"இவங்க கிட்டாரத் தொட்டாங்க" என்றேன். "நான் கண்டேன்."

பாருங்கள், பொய்யே இல்லை. ஒவ்வொரு சொல்லும் நிஜம். வயிற்றுவலி என்று ஆள் வந்தால் "எப்பம் தொடங்கிச்சு?" என்று கேட்காமல் ஒரு பொட்டலம் மடிக்காத மனுஷன், அன்று எப்போது என்று மட்டும் கேட்கவில்லை.

"தொட்டேன், இல்லேன்னு சொல்லல்ல" என்றார் அந்த அக்கா. "அது அன்னைக்கு, ஜன்னலு வழியா—"

"அவளே சொல்லுதா, கேட்டியளா!" என்று அம்மா எல்லாரையும் பார்த்துச் சொன்னாள். அதன் பிறகு அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை. முற்றத்தில் கால் வைக்காதே என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் மறந்திருப்பேன். எதையோ எதிர்பார்க்கிற மாதிரிப் பார்த்தார். நான் கோழியைப் பார்த்தேன். போகிற போக்கில் படியிறங்கித் திரும்பி அம்மாவிடம் சொன்னார்: "ஊறப் போட்ட நெல்லு கெடக்கு அம்மோ. நாளைக்கு அவிக்கல்லன்னா நாறிப்போவும்."

"நாறட்டும்" என்றாள் அம்மா. நாறத்தான் செய்தது. செவ்வாய்க்கிழமை அதை அள்ளிக் கொட்டினார்கள்.

வழியனுப்புக் கூட்டத்துக்கு அக்கா போகவில்லை. டாக்டரம்மாவே வீட்டுக்கு வந்தார். பலகையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, உடையவில்லை, ஒட்டிவிடலாம் என்று தம் தமிழில் சொன்னார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று அப்பா தலையாட்டினார். அவர் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இனி உங்கள் பங்குக்கு வருகிறேன். பள்ளிக்கூடம் திறந்ததும் ஜன்னலோரப் பெஞ்சுக்காரிக்கு நாம் ஒரு பெயர் வைத்தோம். 'கிட்டார் கள்ளி மோளு', கள்ளியின் மகள். யார் முதலில் சொன்னது என்று எனக்கு நினைவில்லை. இடைவேளையில் கைதட்டிப் பாட்டாகவே பாடினோம். நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடினேன், சத்தம் குறைந்தால் யாராவது என்னைச் சந்தேகப்படுவார்களோ என்று பயம். அவள் ஒரு நாளும் அழவில்லை, சிலேட்டில் எதையாவது எழுதிக்கொண்டிருப்பாள். ஒரு வீடும் அவள் அம்மாவை நெல் அவிக்கக் கூப்பிடவில்லை. கிறிஸ்துமஸ் பரீட்சைக்கு அவள் வரவில்லை. இராஜாக்கமங்கலம் பக்கம் தென்னை நாரைத் திரித்துக் கயிறு பிரிக்கப் போய்விட்டார்கள் என்று சொன்னார்கள். அந்தப் பரீட்சையில் கணக்கில் நான் முதல்.

அக்கா நர்சிங் படித்தாள், கல்ஃபில் முப்பது வருஷம் இருந்தாள், பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். கிட்டாரை மட்டும் பிறகு தொடவே இல்லை. ஆனால் அந்தப் பலகைகளைத் தலையணை உறைக்குள் போட்டுப் பெட்டிக்குப் பெட்டி மாற்றிக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். போன வருஷம் ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோது பக்கத்தில் நான்தான். ஒரு மத்தியானம் கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்:

"அந்த நெல்லு அவிக்க வந்தவள நான் மன்னிச்சாச்சு, கேட்டியா. மனசுல ஒண்ணும் வச்சுக்கிட்டுப் போவப்பிடாது. எங்கயாவது கண்டா நீ அவகிட்டச் சொல்லு."

"சரி" என்றேன் நான்.

அடப்பாவி! அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்றுதானே கேட்கிறீர்கள்? சாகப்போகிறவளின் நிம்மதியைக் கெடுக்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொன்னேன். அது என் நிம்மதிக்காகத்தான். பொய் சொன்ன பிள்ளைகளை முப்பது வருஷம் பெஞ்சில் ஏற்றி நிறுத்தியவள் நான். பதினோராம் நாள் அக்கா போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து ஒரு வாரத்தில் அக்கா மகன் அந்தத் தலையணை உறையைக் கொண்டுவந்து தந்தான். "சித்தி, இத எறியக்கூடாதுன்னு அம்மா சொல்லிருந்தாங்க. நீங்க வச்சுக்கோங்க" என்றான். வாங்கிக்கொண்டேன். மூன்று நாள் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. நாலாம் நாள் எடுத்துக்கொண்டு குழித்துறைக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே சந்தைக்குப் பக்கத்தில் ரப்பர் ஷீட் கடைக்கு மாடியில் ஒருவர் கிட்டார் ரிப்பேர் பார்க்கிறார். நாற்பது வயது இருக்கும். மாடிப்படி முழுக்க ரப்பர் நாற்றம், மேலே போனால் மரத்தூள் மணம். உறையிலிருந்து பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். அரை மணி நேரம் அவற்றையே ஆராய்ந்தார். லென்சை வைத்து ஓரங்களைப் பார்த்தார், முகர்ந்தார். உடம்பைக் கவிழ்த்துத் தட்டினார். மேசைமேல் இரண்டு நெல்மணி விழுந்தது.

"டீச்சர், இது நூறு வருஷத்துக்கு மேல உள்ள சாதனம். பார்லர் கிட்டார்னு சொல்லுவாவ. இத ஆரு ஒடச்சதுன்னு உங்களுக்குச் சொன்னாவ?"

"கீழ போட்டதா சொன்னாங்க."

"பொய்யி" என்றார் சாதாரணமாக. "கீழ விழுந்தா மரம் சிம்பு சிம்பா பிளந்திருக்கும். இங்க பாருங்க, ஒரு சிம்பு உண்டா? ஒட்டின எடத்துல எல்லாம் அப்படியே விட்டிருக்கு. இது வச்சிரம் போட்டு ஒட்டினது, தோலக் காய்ச்சி எடுக்கிற பசை. சூடும் ஈரமும் சேந்து பட்டா எளகிப்போவும். ஆரோ இத ஆவியில வச்சிருக்காவ. ஆரும் ஒடைக்கல்ல டீச்சர்."

ஒரு லென்சும் அரை மணி நேரமும்தான். அன்று எங்கள் முற்றத்தில் நின்ற இருபது பேரில் ஒருவர் அந்த ஓரத்தை உற்றுப் பார்த்திருந்தால் போதும். அந்த அக்கா கீழே போடவில்லை என்று பலகையே சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு அங்கேயே கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவர் ஓடிப்போய் எலுமிச்சம்பழத் தண்ணீர் வாங்கிவந்து தந்தார்.

ஒட்டுவதற்கு ஐந்து மாதம் ஆயிற்று. இந்த மழை ஈரத்தில் ஒட்டக் கூடாது, மரம் காயட்டும் என்று இரண்டு மாதம் சும்மா வைத்திருந்தார். பிறகு பழைய பசையை வெந்நீரில் நனைத்து நனைத்துச் சுரண்டி எடுத்தார். புதிதாக வச்சிரம் காய்ச்சினார். வேறு பசை போட்டால் என்ன என்று கேட்டேன். "வேற போட்டா நல்லா ஒட்டும். நாளைக்கு ஒரு கேடு வந்தா பிரிக்க ஒக்காது. பிரிச்சு நேராக்க வழி விட்டு ஒட்டணும்" என்றார். முதுகில் எலி கடித்த இடத்துக்கு ஒரு பழைய கட்டில் காலிலிருந்து ஈட்டித் துண்டு வெட்டி வைத்தார். நான் மாதம் இரண்டு தடவை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இந்தக் கிழவிக்கு வேறு வேலையில்லை என்று நினைத்திருப்பார். நைலான் நரம்பு கட்டி ஒன்றை அவர் சுண்டிய அன்று, குளத்தில் கல் விழுந்த சத்தம் கேட்டது. அக்கா வாசித்த பாட்டு எனக்கு நினைவுக்கு வரவில்லை. ஜன்னல் கம்பிக்குள் நுழைந்த அந்தக் கைதான் வந்தது.

அதை அந்த அக்காவுக்கே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். எங்கே தேடினாய் என்று கேட்பீர்கள். தேடவே வேண்டாம். அவர்கள் வீடு எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். பஸ் அந்த வழியே போகும்போதெல்லாம் மறுபக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

போன புதன்கிழமை அந்த நிறுத்தத்தில் இறங்கினேன். சின்னக் கான்கிரீட் வீடு, முன்னால் தென்னை நார் காய்ந்தது. மகள்தான் கதவைத் திறந்தாள். தலை முழுக்க நரை. என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"நீயா? வா. இரி" என்றாள். சாயா போட உள்ளே போய்விட்டாள்.

அந்த அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எண்பத்தைந்துக்கு மேல் இருக்கும். நாமம் அப்படியே இருந்தது. கிட்டார் பையைச் சுவரில் சாத்திவிட்டு நான் தரையில் உட்கார்ந்தேன். பஸ்ஸில் வரும்போது எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் எல்லாம் போயிற்று.

"அக்கா செத்துப்போயிட்டா" என்றேன்.

"கேட்டேன் மக்கா. நல்ல பிள்ள."

அக்கா சொல்லியனுப்பிய மன்னிப்பு என் தொண்டை வரை வந்தது. அதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டால் என்ன என்று அப்போதும் ஒரு யோசனை ஓடியது, மறைக்கவில்லை. பிறகு சொன்னேன். பரண், சாக்கு, உமி மூட்டை, கோழி எல்லாம் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்" என்றார் கடைசியில். "சாக்கு ஈரமா, கை வைக்க ஒக்காத சூடா கெடந்துது. மேலேருந்து இப்பம் எறக்கினதுன்னு எனக்கு வெளங்காதா? அந்தப் பரண்ல ஏற உங்க வீட்ல உன்ன விட்டா ஆரு உண்டு?"

"பின்னே ஏன் அன்னைக்குச் சொல்லல்ல?"

"சொன்னா ஆரு நம்புவா? நம்பினா உன்ன அடிச்சே கொன்னிருப்பாவ. பத்து வயசுப் பிள்ளையல்லா. நீயே சொல்லுவேன்னு நெனச்சேன். அடுத்த நாளு சொல்லுவ, அடுத்த ஞாயிறாச்ச சொல்லுவன்னு. வாசல்ல சத்தம் கேட்டா உங்க அப்பா வாறாரோன்னு பாப்பேன். பொறவு விட்டேன்."

நான் அழுதேன். என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் காலைத் தொட்டேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"எனக்கு என்ன? கயிறு பிரிச்சேன், தின்னேன். இவகிட்டக் கேளு."

மகள் சாயா கிளாசோடு கதவுப்பக்கம் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. சாயா ஆடை கட்டியிருந்தது.

"இவகிட்ட நான் செய்யல்லன்னு சொன்னேன்" என்றார் அந்த அக்கா. "தொட்டேன்னு நீயே சொன்னியாமேம்மான்னு கேட்டா. நான் என்ன சொல்ல? அதுக்குப் பொறவு அதப் பத்தி நான் பேசல்ல."

மகள் கிளாசைக் கீழே வைத்தாள். அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அறுபத்தேழு வயது வரைக்கும் தன் அம்மா ஒரு கிட்டாரைத் திருடினாள் என்று நம்பிக்கொண்டிருந்தவள் அவள். என்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "எம்மா" என்றாள். அந்த அக்கா மறுகையால் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் நான் இருந்திருக்கக் கூடாது. எழுந்து போகவும் தெரியவில்லை.

ரொம்ப நேரம் கழித்து நான் பையைத் திறந்து கிட்டாரை எடுத்து அவர்கள் முன்னால் வைத்தேன். "இது உங்களுக்குத்தான்" என்றேன். எவ்வளவு அழகாகப் பளபளத்தது தெரியுமா! எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கங்கெட்ட மனசு.

மகள் அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"இத எடுத்துட்டுப் போ" என்றாள். "எங்க வீட்ல இது இருந்தா, அன்னைக்குக் களவாண்டது இதுதான்னு சொல்லுவாவ."

நான் எடுத்துப் பையில் வைத்தேன். ஜிப் மாட்டிக்கொண்டது. அவளே வந்து பிடித்து இழுத்து மூடிக்கொடுத்தாள்.

"அன்னைக்குக் கைதட்டிப் பாடுனாவளே, அவங்கள்ளாம் இருக்காவளா?"

"பாதிக்கு மேல இருக்காங்க."

"அவங்களுக்கு ஆரு சொல்லுவா?"

நான்தான் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன். இதை உங்களுக்கு அனுப்புகிற நேரத்தில் அவளுடைய போனுக்கும் அனுப்புகிறேன். ஐந்து வரை படித்தவள், நன்றாக வாசிப்பாள். நீங்கள் எழுதுகிற பதிலை அவளுக்கே எழுதுங்கள், நம்பர் கீழே தருகிறேன். ஒன்றும் எழுதாமல் இருந்தீர்கள் என்றால் அதுவும் அவளுக்குத் தெரியும்.